மலைப்பாதைக்கும் மராமத்து வேண்டும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வருவோர் ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது இரண்டு காட்சிகளைத் தவறவிடுவதில்லை. ஒன்று, முப்பந்தலில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகள். மற்றொன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி முகடுகள். மூன்றாவது காட்சி ஒன்றும் உண்டு. அதைக் கவனிப்போர் குறைவு. இத்தகைய மலைச்சரிவுகளை உற்று நோக்கினால், புதர்களுக்கிடையே மெல்லிய கோடுகள் மேல்நோக்கிச் செல்வதைக் காணலாம். ஆடுகளின் குளம்பும் மனிதரின் காலும் வரைந்த ஒற்றையடிப் பாதைகளே அவை.

இக்கோடுகளில் இருவகை உண்டு. சரிவைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் பாதை ஆண்டுகள் பல கடந்தாலும் மெல்லிய கோடாகவே இருக்கும். அடிவாரத்திலிருந்து நேரே உச்சியை நோக்கி ஏறும் பாதையோ சில மழைக்காலங்களிலேயே அகன்று, ஆழ்ந்து, சிறிய ஓடையாக மாறிவிடும். இரண்டிலும் நடப்பவை ஒரே கால்கள்தாம். அப்படியிருக்க ஒன்று நிலைப்பதும் மற்றொன்று அழிவதும் ஏன்?

இவ்வினாவுக்கு விடை காண்பது மலையேறுவோருக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. மலைச்சரிவில் அரிக்கப்படும் மண் அங்கேயே தங்குவதில்லை. ஓடை வழியே இறங்கி, கீழேயுள்ள குளத்தில் வண்டலாகப் படிகிறது. குளத்தில் படியும் ஒவ்வொரு கூடை மண்ணும், ஒரு கூடை நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குளத்தை நம்பி நெல் விளைக்கும் நாஞ்சில் நாட்டில் மலைப்பாதையின் நலமும் வயலின் நலமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

காலடியில் நிகழ்வது என்ன?

மிதிபடாத நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம் வெற்றிடமே. மண்துகள்களுக்கு இடையேயுள்ள இந்த நுண்துளைகளில்தான் காற்றும் நீரும் தங்குகின்றன. மழை பெய்யும்போது நீர் இத்துளைகளின் வழியே உள்ளே இறங்கிவிடுகிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, அவரது முழு எடையும் சுமார் 150 சதுர செ.மீ. பரப்பின்மேல் அமைகிறது. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 400 கிராம் அழுத்தம். நடக்கும்போது குதிகால் முதலில் ஊன்றுவதால் அழுத்தம் இன்னும் கூடும். சரிவில் இறங்கும்போது மேலும் கூடும். ஓராயிரம் பேர் நடந்தபின் நுண்துளைகள் நசுங்கி மூடிவிடுகின்றன. வேர்களுக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. புல் மடிகிறது. மண் களிமண் தரைபோல இறுகுகிறது.

இதுவரை நேர்ந்தது பெரிய கேடு அன்று. இறுகிய தரை நடப்பதற்கு ஏற்றதே. ஆனால் நீர் உள்ளே இறங்கும் கதவு மூடப்பட்டுவிட்டது என்பதை மறக்கக் கூடாது. இனி விழும் மழை எங்கே போகும்?

நீரின் கணக்கு

ஒரு மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள பாதைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 100 சதுர மீட்டர். ஒரு மாலைப்பொழுதில் 5 செ.மீ. மழை பெய்கிறது என்று வைத்துக்கொண்டால், அப்பாதையின்மேல் விழும் நீர் 5 கன மீட்டர். அதாவது 5,000 லிட்டர். அதன் எடை 5 டன். இறுகிய தரை இதில் மிகச் சிறிதளவே உறிஞ்சும். எஞ்சியது பாதையின் வழியே ஓடும்.

இது நடுத்தரமான மழைக்குப் போட்ட கணக்கு. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைத் தாக்கிய பெருமழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அத்தகைய மழையில் இதே பாதைத் துண்டின்மேல் 95,000 லிட்டர் நீர் விழும்!

நீரின் அளவைவிட அதன் வேகம் ஆபத்தானது. வேகம் இரு மடங்கானால், ஓடும் நீர் புரட்டக்கூடிய கல்லின் எடை இரு மடங்காகவோ நான்கு மடங்காகவோ கூடுவதில்லை. ஏறத்தாழ 64 மடங்காகக் கூடுகிறது! நீரியலில் இதனை ஆறாம் அடுக்கு விதி என்பர். காரணம் எளியது. நீர் ஒரு கல்லைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கும் கல்லின் முகப்புப் பரப்புக்கும் ஏற்பக் கூடுகிறது. கல்லின் எடையோ அதன் குறுக்களவின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. இவ்விரண்டையும் ஈடு செய்து பார்த்தால், வேகம் இரட்டிக்கும்போது நான்கு மடங்கு குறுக்களவுள்ள கல் அசையும் என்று கிடைக்கிறது. நான்கின் மும்மடி 64 அன்றோ? இது தோராயமான விதியே. எனினும் நேற்று மணலை மட்டும் உருட்டிய நீர் இன்று தேங்காய் அளவு கல்லை உருட்டுவது எப்படி என்பதை இது நன்கு விளக்குகிறது.

இப்போது நம் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. நேரே ஏறும் பாதையில் நீருக்கு வெளியேறும் வழி இல்லை. மேலிருந்து கீழ்வரை வேகம் கூடிக்கொண்டே வருகிறது. முதலில் நூல் போன்ற கீறல், பிறகு சாண் ஆழப் பள்ளம், பிறகு ஓடை. பள்ளத்தில் நடக்க முடியாதவர்கள் அதன் ஓரமாக நடக்கிறார்கள். அங்கும் புல் மடிகிறது. அங்கும் பள்ளம் விழுகிறது. ஒரு பாதை மூன்றாகவும் நான்காகவும் பிரிவது இவ்வாறுதான். பாதைக்குக் கேட்டைத் தொடங்கி வைப்பது கால். முடித்து வைப்பது நீர்.

பாறையடியில் இரட்டைத் தொல்லை

பாறையேற்றம் இன்று இந்தியாவில் பரவிவரும் விளையாட்டு. கர்நாடகத்தின் பாதாமி, ஹம்பி, ராமநகரம் ஆகிய இடங்களின் பாறைகள் இதற்குப் பெயர் பெற்றவை. பாறையேறுவோர் நடந்து செல்லும் பாதைக்கு, மற்ற மலைப்பாதைகளுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. அது முடியும் இடம் செங்குத்துப் பாறையின் அடிவாரம்.

குமரி மாவட்டத்து மலைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட்டு, கோண்டலைட்டு வகைப் பாறைகளால் ஆனது. பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகள் இவை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதனால்தான் டி. எச். ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் 1893-இல் சார்னோக்கைட்டு என்ற பெயரை இட்டார்.

விரிசலற்ற இப்பாறைகளின் மேற்பரப்பு நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மொட்டைப்பாறையின்மேல் 5 செ.மீ. மழை பெய்தால் 30,000 லிட்டர் நீர் வழிந்து அடிவாரத்தில் கொட்டும். அதே அடிவாரத்தில்தான் பாறையேறுவோர் பைகளை வைக்கிறார்கள். ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிறார்கள். மிதிபட்டு இறுகிய தரையும் கொட்டும் நீரும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஓரிரு ஆண்டுகளில் அங்குள்ள மரங்களின் வேர்கள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. மண்ணில் புதைந்திருந்த கற்கள் பிடிப்பை இழந்து உருளக் காத்திருக்கின்றன. கீழே வருவோருக்கு இதனால் நேரும் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் மலையேறுவோர் பெரும்பாலும் வழிபாட்டிற்காக ஏறுபவர்கள். 1752-இல் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்கு வருவோரின் தொகை, 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபின் பெருகியது. தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறை ஒன்றும் அங்கே உண்டு. தெற்கே பொற்றையடியை ஒட்டியுள்ள மருந்துவாழ் மலைக்கும் பலர் ஏறுகின்றனர். கையில் கயிறு வைத்திருப்பவருக்கும் மெழுகுவத்தி வைத்திருப்பவருக்கும் நீர் வேறுபாடு காட்டுவதில்லை. பாதையைக் காக்கும் முறையும் இருவருக்கும் ஒன்றே.

மூன்று விதிகள்

உலகெங்கும் மலைப்பாதை அமைப்போர் மூன்று விதிகளைப் பின்பற்றுகின்றனர்.

முதலாவது, பாதையின் ஏற்றம் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயர வேண்டும். செங்குத்தான சிறு பகுதி இடையில் வந்தால் அங்கே கற்படி அமைக்கலாம்.

இரண்டாவது, பாதையின் ஏற்றம் அது செல்லும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சரிவு பத்தில் மூன்று பங்கு என்றால், பாதை பத்தில் ஒன்றரைப் பங்குக்குள் இருக்க வேண்டும். இதன் பொருள் என்ன? நீர் எப்போதும் மிகச் செங்குத்தான வழியையே தேடும். சரிவைவிடப் பாதை நன்கு சாய்வு குறைந்ததாக இருந்தால், மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். பாதையும் சரிவும் ஒரே சாய்வாக இருந்தால், நீர் பாதையையே தன் வழியாகக் கொள்ளும்.

மூன்றாவது, பாதையின் தளம் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. சாய்வு போதும். நடப்பவருக்கு அது தெரியாது; நீருக்குத் தெரியும்.

இம்மூன்றும் புதிய பாதைக்கு உரியவை. பழைய பாதை நேரே ஏறுவதாக இருந்தால் என்ன செய்வது? வேறு வளைவான தடம் அமைக்க இடமில்லாத இடங்களில் நீரைப் பகுத்து வெளியேற்ற வேண்டும். முன்பு பார்த்த 100 மீட்டர் பாதையில் 10 மீட்டருக்கு ஒரு வடிகால் வீதம் வைத்தால், 5,000 லிட்டர் நீர் பத்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 500 லிட்டர் மட்டுமே வெளியேறும். 20 லிட்டர் குடத்தால் 25 குடம்! அதனை ஓரத்துப் புல்லே ஏற்றுக்கொள்ளும்.

இவ்வடிகாலைப் பாதைக்குச் செங்கோணமாக வைப்பது பலர் செய்யும் பிழை. அப்படி வைத்தால் நீர் திடீரென்று நின்று, சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிடும். இரண்டாம் மழைக்குள் வடிகால் தூர்ந்துபோகும். பாதைக்கு 45 பாகை முதல் 60 பாகை வரை சாய்வாகக் கற்களைப் பதித்தால், நீர் வேகம் குறையாமல் திரும்பி, மண்ணையும் எடுத்துக்கொண்டு வெளியேறும். பதிக்கும் கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். மேலே நிற்கும் கல் அழகாகத் தோன்றலாம். ஆனால் காலில் இடறிப் பெயர்ந்துவிடும்.

பாறையடியில் இதே கணக்கை வேறு வகையில் போட வேண்டும். வழியும் நீர் பாதையை அடையுமுன்பே பாறையின் ஓரமாக ஒரு கல்வாய்க்கால் அமைத்துப் பக்கவாட்டில் திருப்புவது முதல் வேலை. ஆட்கள் நிற்கும் இடத்தைத் தட்டைக்கல் பரப்பி வரையறுப்பது இரண்டாவது வேலை. நிற்க நல்ல இடம் இருந்தால் எவரும் புதரை மிதிப்பதில்லை.

சிமெண்டுப் படிகள் அமைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். சிமெண்டுத் தளத்தில் நீர் இன்னும் விரைந்து ஓடும். படியின் ஓரத்து மண்ணை அரித்து, அடியைக் குடைந்து, ஒருநாள் படியையே சாய்த்துவிடும். வடிகால் இல்லாத படிக்கட்டு, படி வடிவில் அமைந்த ஓடையே.

சாய்வை அளக்கும் எளிய கருவி

இவ்வேலைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள இரு கழிகளை உச்சியில் கட்டி, அடியில் கால்களின் இடைவெளி ஒரு மீட்டர் வருமாறு விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கழியைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிறகு, கால்கள் நின்ற அதே இரு புள்ளிகளில் கருவியை இடம்வலமாக மாற்றி வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டத்தைக் காட்டும் குறி.

அடுத்து, கருவியை மட்டமான தரையில் நிறுத்தி, ஒரு காலின்கீழ் 10 செ.மீ. உயரக் கட்டையை வைத்துக் கயிறு தொடும் இடத்தைக் குறியுங்கள். அதுதான் பத்தில் ஒரு பங்கு ஏற்றத்தின் குறி. இக்கருவியை மலைச்சரிவில் காலுக்குக் கால் மாற்றி நகர்த்திச் சென்றால், பாதை எங்கே வளைய வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடும். பள்ளி மாணவர்கள் தம் ஊர் மண்மேட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

தொண்டர்கள் காக்கும் பாதைகள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 14 மாநிலங்களின் வழியே செல்லும் அப்பலாச்சியன் மலைப்பாதையின் நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். 1921-இல் பென்டன் மக்காய் என்பவர் இதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1937-இல் பாதை முழுமை பெற்றது. இன்றளவும் அதன் பராமரிப்பில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்களே. பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு மலையேற்றக் கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டுள்ளது.

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ‘ஃபிக்ஸ் த ஃபெல்ஸ்’ என்ற அமைப்பின் தொண்டர்கள் செய்யும் வேலை மிக எளியது. மலையேறிச் சென்று, கல் வடிகால்களில் சேர்ந்துள்ள சரளையையும் மண்ணையும் வாரிவிட்டு இறங்குவது. அவ்வளவுதான். நார்வே நாட்டின் மலைகளிலோ, கற்படி அமைக்க நேபாளத்து ஷெர்ப்பாக்களை வரவழைத்துள்ளனர். தலைமுறை தலைமுறையாக மலைச்சரிவில் கல் அடுக்கியவர்களின் கைத்திறனுக்கு ஈடான இயந்திரம் அங்கே கிடைக்கவில்லை போலும்!

அமெரிக்காவில் 1991-இல் தோன்றிய ‘அக்சஸ் ஃபண்ட்’ என்ற அமைப்பு, பாறையேறுவோரைத் திரட்டிப் பாறைப்பகுதிகளின் பாதைகளைச் செப்பனிடுகிறது. இதில் தன்னலமும் கலந்திருக்கிறது. பாதை சிதைந்தால் நிலத்தின் உரிமையாளர் வாயிலை மூடிவிடுவார். பாறை இருந்தும் ஏற முடியாது. வேறு காரணங்களாலும் பாறைகள் மூடப்படுவதுண்டு. கர்நாடகத்தின் ராமதேவர பெட்டா 2012-இல் பாறுக் கழுகுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழுகுகள் கூடு கட்டும் பாறை முகப்பில் மனிதர் ஏறாதிருப்பதே முறை. எங்கே செல்லக் கூடாது என்பதை அறிவதும் பாதைப் பராமரிப்பில் ஒரு பகுதியே.

ஏன் தொண்டர்கள் வேண்டும்? ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். பெரிய கட்டுமானங்களுக்கு அவர்கள் தேவை. ஆனால் பாதையின் அழிவு பெரிதாகத் தொடங்குவதில்லை. ஒரு கிளை முறிந்து வடிகாலின் வாயில் விழுகிறது. அதில் சருகு சேர்கிறது. நீர் வடிகாலைத் தாண்டிப் பாதையில் இறங்குகிறது. முதல் மழையன்று கையால் எடுத்து எறியக்கூடிய கிளை அது. மூன்றாம் மழைக்குப்பின் கடப்பாரையும் பத்து ஆட்களும் வேண்டும். முதல் நாளே அதைக் காணக்கூடியவர் அப்பாதையில் அடிக்கடி நடப்பவர் ஒருவரே.

இது நமக்குப் புதிய கருத்தும் அன்று. மழைக்காலத்துக்கு முன்பு ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாரி, மடையைச் சரிபார்த்து, குளத்தின் கரையை உயர்த்தியதைக் குடிமராமத்து என்றார்கள். தமிழ்நாட்டு அரசு அந்தப் பெயரிலேயே 2017-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மறுகால் இல்லாத குளம் உடையும் என்பதை உழவர் அறிவர். வடிகால் இல்லாத பாதை உடைவதும் அதே காரணத்தால்தான்.

எப்போது, எப்படி?

குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறுவது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மிக வலுவாக வீசும். மண் காய்ந்து, பொடி பறக்கும். எனவே வடிகால்களைச் சுத்தம் செய்ய ஏற்ற காலம், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்பு. கல் பதிக்க ஏற்ற காலம், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும் ஜனவரி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது இம்மாவட்டத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய புயலுக்குப் பின் பாதையைப் பார்வையிடுவது அவசரத் தேவை.

ஆனால் மண்வெட்டியைத் தூக்குமுன் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மலைகளில் பெரும்பகுதி வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழைவதும், வெட்டுவதும், தோண்டுவதும் குற்றமாகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. 2024-இல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி அறிவித்தது; குமரி மாவட்டப் பாதைகளும் அவற்றில் உண்டு. எனவே ஆர்வமுள்ள இளைஞர் குழு முதலில் செல்ல வேண்டிய இடம் வனச்சரகர் அலுவலகம்; தனியார் நிலமாயின் உரிமையாளரின் வீடு.

அனுமதி கிடைத்தபின்னும் சில கட்டுப்பாடுகள் தேவை. ஓடையிலிருந்து கல் எடுக்கக் கூடாது. அக்கற்களே ஓடையின் கரையைத் தாங்குபவை. கல்லைக் கையால் புரட்டக் கூடாது. அடியில் தேளோ பாம்போ இருக்கலாம். கடப்பாரையால் நெம்புவதே முறை. ஒருவர் கல்லை அசைக்கும்போது அவருக்கு நேர் கீழே எவரும் நிற்கக் கூடாது. மூடிய கிளைப் பாதைகளில் முள்ளையும் சருகையும் பரப்பி, உள்ளூர்ப் புல் தானே முளைக்க விட வேண்டும்.

ஒரு செ.மீ. மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். அதை இழக்க ஒரு மாலை மழை போதும். அடுத்த முறை மலையேறி இறங்கும்போது, வடிகாலில் சருகு அடைத்திருப்பதைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று அதைக் கையால் வாரிவிடுங்கள். மழை வந்தால் 25 குடம் நீர் அவ்வழியே புல்லுக்குள் ஒதுங்கும். பாதை மெல்லிய கோடாகவே இருக்கும். கீழேயுள்ள குளத்தில் ஒரு கூடை மண் குறையும்.